ஓரத்தில் நின்ற இருபத்துமூன்று பேர்

1991 ஜூன் 9 — 46
1991 ஜூலை 21 — 112 (படத்தில் 113)
1996 பிப்ரவரி 4 — 238
2003 நவம்பர் 16 — 307
2011 ஆகஸ்ட் 28 — 89
2018 மார்ச் 31 — 164
மொத்தம்: 612 படங்கள், 71,348 பேர்

இவை ஒரு நீல அட்டைப் பதிவேட்டிலிருந்து எடுத்த சில வரிகள். இடப்பக்கம் தேதி. வலப்பக்கம் அன்று ஒரே படத்தில் நின்றவர்களின் எண்ணிக்கை. பதிவேடு கயிறக்காவுடையது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது குடும்ப அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் சௌக்கியமாக இருக்கிறது. வெளியில் அவர் கயிறக்காதான்.

பதினெட்டு வயதிலிருந்து இருபத்துநான்கு வயதுவரை அவர் ஒரு தையல் கடையில் அளவெடுக்கும் வேலை பார்த்தார். எதிரே வருபவரின் தோள் அகலத்தைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார். அரை அங்குலம் பிசகாது. 1991இல் கல்யாணமாகி வந்த வீடு ஒரு போட்டோ ஸ்டூடியோ. முன்னறையில் கணவர் பாஸ்போர்ட் படம் எடுத்தார். மாமனார் வெளியில் போய்க் குழுப் படங்கள் எடுத்தார். பள்ளி, ஆலை, அலுவலகம் என்று எங்கே கூட்டமாக நிற்க ஆள் கிடைத்தாலும் அங்கே அவர் இருப்பார். "பையன் தலையை எடுப்பான், அப்பா கூட்டத்தை எடுப்பார்" என்று தெருவில் ஒரு கேலி உண்டு.

மாமனாரின் கேமரா ஒரு சுழல் கேமரா. கடிகாரம் போலச் சாவி கொடுத்து முக்காலியின்மேல் நிறுத்தினால் அது இடமிருந்து வலமாகத் தானே திரும்பும். ஒரு மெல்லிய பிளவு வழியாகக் கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துக்கொண்டே போகும். ஒரு படத்துக்குப் பதினெட்டு விநாடி. அதன்முன் ஆட்களை நேர்வரிசையில் நிறுத்தினால் ஓரத்தில் இருப்பவர்கள் தள்ளிப்போய்ச் சிறுத்துவிடுவார்கள். அதனால் எல்லோரையும் கேமராவைச் சுற்றி வளைவாக நிறுத்த வேண்டும். மாமனார் வளைவைக் கண்மதிப்பாகப் போடுவார். படத்தில் வரிசை கொடிபோல நெளியும்.

மருமகள் வந்த இரண்டாம் மாதம் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து, ஒரு நுனியை முக்காலியில் கட்டி, மறுநுனியில் சுண்ணக்கட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் நடந்தார். வளைவு அச்சடித்ததுபோல் விழுந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முடிச்சு, ஐந்து வரிசைக்கு ஐந்து முடிச்சு. அன்று துணி காயவில்லை.  அடுத்த வாரம் மாமனார் புதுக் கயிறு வாங்கிவந்து கொடுத்தார்.

ஆட்களை எண்ணுவதும் அவரே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். ஜூலை 21ஆம் தேதி வரியில் ஒரு தலை கூடியிருப்பதற்குக் காரணம் ஒரு குமாஸ்தா. கேமரா திரும்பத் தொடங்கியதும் அவன் இடது ஓரத்திலிருந்து நழுவி, வரிசைகளுக்குப் பின்னால் குனிந்து ஓடி, வலது ஓரத்திலும் வந்து நின்றுவிட்டான். படத்தில் ஆள் கூடியிருக்கிறது என்று மருமகள் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துத் தேடிக் காட்டினார். "இங்க சிரிக்கிறான் மாமா. அங்க மூச்சு வாங்குறான்."

மாமனாருக்குப் பிறகு சுழல் கேமரா கயிறக்காவின் கைக்கு வந்தது. 2017 டிசம்பரில் அதன் பல்சக்கரத்தில் மூன்று பல் உடைந்தது. மாற்றுச் சக்கரம் எங்கும் கிடைக்கவில்லை. 2018 ஜனவரியில் கணவரும் அவரும் போய்ப் பழைய சாமான் கடையில் ஓர் அகலக் கோண லென்ஸ் வாங்கினார்கள். பதினெட்டு மில்லிமீட்டர். இடது தோளுக்கு நேரிலிருந்து வலது தோளுக்கு நேர்வரை நூற்றெண்பது பாகை என்றால், அதில் பாதியை ஒரே சொடுக்கில் அள்ளிவிடும். சரியாகத் தொண்ணூறு பாகை. கடைக்காரர் இன்னும் ஒருபடி மேலே போனார். "கண்ணு என்ன பார்க்குதோ அதையே பார்க்கும்மா இது" என்றார்.

வீட்டுக்கு வந்து சோதித்தும் பார்த்தார்கள். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று இருபது பேர். எல்லோரும் நடுவில் நெருங்கி நின்றார்கள். வீட்டு ஆட்களை ஓரத்தில் நிறுத்த யாருக்கு மனசு வரும்? முகங்கள் பளிச்சென்று வந்தன. லென்ஸ் தேறிவிட்டது என்று கயிறக்கா முடிவு செய்தார். அவர் செய்த தப்பு அதுதான். லென்ஸின் ஓரத்தை அவர் பார்க்கவே இல்லை.

அந்த ஆண்டு போக்குவரத்துத் தலைமை அலுவலகம் ஒன்பது பணிமனைகளின் குழுப் படங்களுக்கு அவரோடு ஒப்பந்தம் செய்திருந்தது. முதலாவது, நகரின் பழைய பேருந்துப் பணிமனை. மார்ச் 31 அங்கே கடைசி வேலைநாள். ஏப்ரல் 2ஆம் தேதி கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். ஆட்களில் நாற்பத்தொரு பேர் ஓய்வு பெறுகிறார்கள் அல்லது வேறு பணிமனைகளுக்குப் போகிறார்கள். மற்றவர்கள் புதுக் கட்டடத்துக்குப் போகிறார்கள். அந்த நூற்று அறுபத்துநான்கு பேரும் மறுபடி ஒரே இடத்தில் நிற்கப்போவதில்லை.

முற்றம் சிறியது. முக்காலியை வடக்குச் சுவரில் ஒட்டி நிறுத்தியபிறகு மூன்றாம் வரிசைக்குப் பதினொரு மீட்டர் கிடைத்தது. பின்னால் போக ஒரு சாண் இடமில்லை. கயிறக்கா வழக்கம்போல் கயிற்றைக் கட்டி, சுண்ணக்கட்டியால் ஐந்து வளைவு போட்டார். லென்ஸ் மாறியது, கயிறு மாறவில்லை.

எங்கும் உள்ள முறைப்படியே ஆட்கள் நின்றார்கள். நடு நாற்காலியில் மேலாளர். இருபுறமும் பொறியாளர்கள், பிறகு எழுத்தர்கள், டிரைவர்கள், கண்டக்டர்கள், மெக்கானிக்குகள். இரண்டு ஓரங்களிலும் டயர் மாற்றுகிறவர்கள், பெருக்குகிறவர்கள், பேருந்து கழுவுகிறவர்கள். மூன்றாம் வரிசையின் வலது கோடியில் ஓர் அம்மாள் நின்றார். இருபத்தெட்டு வருடம் பேருந்து கழுவியவர், அன்றோடு ஓய்வு. பொழுது விடியுமுன் வந்து, அலுவலகம் திறக்குமுன் வேலையை முடித்துக் கிளம்பிவிடுவதால் பணிமனையின் எந்தப் படத்திலும் அவர் இருந்ததில்லை. கயிறக்கா தோளைத் தொட்டு நிற்க வைத்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"கடைசியில நிக்கிறதுல எனக்கு ஒன்னுமில்லம்மா. வெட்டுப்படாம வருவேனா?"

"என் படத்துல யாரும் வெட்டுப்பட மாட்டாங்க. நீங்க நீங்களாவே வருவீங்க."

நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் நூற்று அறுபத்துநான்கு பிரதிகள் ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பணிமனைக்குப் போயின. அன்று மதியமே சிரிப்பு கிளம்பிவிட்டது. நடுவில் மேலாளர் ஒடிசலாக, கைக்கு அடக்கமாக இருந்தார். ஓரங்களில் இருந்தவர்களின் முகம் அகன்று, கன்னம் உப்பி, தோள் கதவை அடைப்பதுபோல் விரிந்திருந்தது. மூன்று பேருக்குக் காற்று கூடுதலாக அடித்துவிட்டதாக மெக்கானிக்குகள் சொன்னார்கள். டயர்காரர் ஒருவரை ஓவர்லோடு என்று கூப்பிடத் தொடங்கி, அந்தப் பெயர் நிலைத்தே போனது. ஓரத்தில் நின்றவர்களுக்கு மட்டும் தனிப் பந்தி போட்டார்களா என்று கேட்டவர் ஒரு கண்டக்டர்.

கயிறக்கா வீட்டில் அளவுகோலை எடுத்தார். நடுவில் ஒரு முகத்தின் அகலம் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கோடியில் ஐந்துக்குச் சற்று அதிகம். உயரமும் கூடியிருந்தது, ஆனால் அவ்வளவு இல்லை. முப்பது வருடம் மனிதர்களை அளந்தவர் அளவுகோலை மேசைமேல் வைத்துவிட்டு, அன்று மாலை கடையைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 9ஆம் தேதி கடிதம் வந்தது. இரண்டு ஓரங்களையும் சேர்ந்த இருபத்துமூன்று பேர் புகார் எழுதியிருந்தார்கள். இந்தப் படத்தைப் புதுக் கட்டடத்தில் மாட்டக்கூடாது என்பது அவர்களின் கோரிக்கை. மேலாளர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார். 30ஆம் தேதிக்குள் அந்த இருபத்துமூன்று பேரும் ஒப்புக்கொள்ளும் ஒரு படம் வராவிட்டால் மற்ற எட்டுப் பணிமனைகளின் ஒப்பந்தமும் ரத்து.

இரண்டு நாள் கழித்து அந்தக் கழுவும் அம்மாளே ஸ்டூடியோவுக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். படத்திலிருந்து தன் உருவத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தார்.

"மீதிப் படத்தை வீட்ல மாட்டிட்டேன். மத்தவங்க எல்லாம் அதுல இருக்காங்க. இதை நீங்களே வச்சுக்குங்க."

"அம்மா, தப்பு என்னோடது. சரி பண்ணித் தரேன்."

"நீங்க வேணும்னு செய்யலைன்னு தெரியும்மா. என் பேத்தி இதைப் பார்த்துட்டு, இது யாரு ஆச்சின்னு கேட்டா. அதான்."

தேநீர் கொடுத்தும் குடிக்காமல் போய்விட்டார். வெட்டுப்படாமல் வர வேண்டும் என்று கேட்டவர் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு வந்தது கயிறக்காவுக்கு மேலாளரின் கடிதத்தைவிட உறைத்தது.

கணவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இரண்டு நாள் போராடினார். ஓர முகங்களை இருபுறமும் அமுக்கினார். முகம் மெலிந்தது, நின்றிருந்த பெஞ்சு நெளிந்தது, பின்னாலிருந்த தூண் சாய்ந்தது. தூணை நிமிர்த்தினால் அடுத்த ஆளின் தோள் காணாமல் போயிற்று. "எட்டுப் பேரை ஒல்லியாக்கிட்டேன்" என்று அவர் சொன்னபோது கயிறக்கா திரையைப் பார்த்துவிட்டு, "ஒல்லியாக்கிட்டீங்க. அவங்களா ஆக்கலையே" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஏப்ரல் 15, ஞாயிற்றுக்கிழமை. கணவரின் தங்கை ஊரிலிருந்து வந்தார். நாத்தனாருக்குப் பாட்டில் அடிபோலத் தடித்த கண்ணாடி. தூரத்துக்குத்தான் அது, எதையாவது கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடியைத் தலைக்குமேல் ஏற்றிவிட்டு, காகிதத்தை மூக்கில் ஒட்டிக்கொள்வார். சாப்பாட்டு மேசையில் கிடந்த படத்தையும் அப்படியே எடுத்தார். மூக்கு படத்தின் நடுவில் நின்றது. கண் மட்டும் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஓடியது.

"படத்தைப் பார்க்கிறியா, மோப்பம் பிடிக்கிறியா?" என்றார் அண்ணன்.

"நல்லாத்தானே இருக்கு? இதுக்கா ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"ஓரத்துல பாரு. எல்லாம் பூசணிக்காய்."

"எந்த ஓரத்துல? எனக்கு எல்லாரும் ஒரே அளவாத்தான் தெரியறாங்க அண்ணா."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். பார்வை போனதே போனது, நியாயமும் சேர்ந்து போய்விட்டது என்றார். கயிறக்கா சிரிக்கவில்லை. நாத்தனாரை அப்படியே அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து பழைய தையல் டேப்பை எடுத்துவந்தார்.

"என்ன அண்ணி, எனக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"பேசாதே. தலையை ஆட்டாதே."

கண்ணுக்கும் காகிதத்துக்கும் இடையே இருபத்தொரு சென்டிமீட்டர். படத்தின் அகலம் நாற்பத்திரண்டு. சரிபாதி.

ஐம்பத்தொரு வயதுக் கண்ணால் அவ்வளவு கிட்டத்தில் வைத்து எதையும் பார்க்க முடியாது. அன்று இரவு வீட்டார் தூங்கியபிறகு, படங்களில் புள்ளி நீக்கும்போது போடும் தடித்த கண்ணாடியைக் கயிறக்கா மாட்டிக்கொண்டார். மூக்கை மேலாளருக்கு நேராக நிறுத்தினார். தலையை மெல்ல வலப்பக்கம் திருப்பினார். கோடியில் கழுவும் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். தோள் பதினைந்து அங்குலம் இருக்கும் என்று முற்றத்தில் அன்று மனசுக்குள் குறித்த அதே அம்மாள், அதே ஒட்டிய கன்னத்தோடு. மூக்கைப் பின்னுக்கு இழுத்தார், கன்னம் உப்பியது. முன்னே போனார், வடிந்தது. இதை ஒன்பது தடவை செய்தார். பிறகு கணவரை எழுப்பி, கம்ப்யூட்டர் திரையில் படத்தை முழுசாகப் போடச் சொன்னார். திரை ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் அகலம். இருபத்தாறு சென்டிமீட்டரில் முகங்கள் நேராயின.

"லென்ஸ் எத்தனை சொன்னீங்க?"

"பதினெட்டு."

"உள்ள படம் விழற இடம் எவ்வளவு அகலம்?"

"முப்பத்தாறு." அதைச் சொல்லும்போதே கணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கேயும் பாதி.

விஷயம் இவ்வளவுதான். மாலை வெயில் சாய்வாக விழும்போது குட்டை மனிதனுக்கும் நிழல் நீளும். தரைமேல் ஒளி சரிந்து விழுவதால் வரும் நீட்சி அது. அகல லென்ஸுக்குள்ளும் ஓரத்து ஒளி அப்படித்தான் தட்டையான பரப்பின்மேல் சரிந்து விழுந்து உருவத்தை இழுத்துவிடுகிறது. ஆனால் பார்ப்பவர் லென்ஸ் நின்ற இடத்திலேயே கண்ணை வைத்தால், ஓரத்துக் காகிதத்தை அவரும் அதே சரிவில்தான் பார்ப்பார். லென்ஸ் இழுத்ததை அந்தச் சரிவு சுருக்கிவிடும். கணக்கு தீர்ந்துவிடும். தப்பு நடந்தது முற்றத்தில் இல்லை; படத்தைக் கைநீளத்தில் பிடித்துப் பார்த்ததில்.

கண் என்ன பார்க்கிறதோ அதையே லென்ஸ் பார்க்கும் என்று கடைக்காரர் சொன்னதும் சரியில்லை. இரண்டு கண்ணும் சேர்ந்தால் லென்ஸைப்போல் இரண்டு மடங்கு அகலம் பார்க்கும். ஆனால் தெளிவாகப் பார்ப்பது, கையை நீட்டிக் கட்டைவிரலைப் பிடித்தால் அந்த நகம் மறைக்கும் அளவுதான். மிச்சமெல்லாம் மங்கல். கண் அந்த நக அளவைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் அலைந்து, ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்து, எல்லோரையும் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறது. அது பழைய சுழல் கேமராவின் வழி. லென்ஸுக்குத் திரும்பத் தெரியாது. நட்டு வைத்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் ஒரே தட்டையில் கொட்டிவிடும்.

ஏப்ரல் 18ஆம் தேதி கயிறக்கா டேப்போடு புதுப் பணிமனைக்குப் போனார். டிக்கெட் அறைக்கும் ஓய்வறைக்கும் நடுவே ஒரு நீண்ட நடைபாதை. அகலம் நூற்றுத்தொண்ணூறு சென்டிமீட்டர். எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்து நின்றால் கண் சுவரிலிருந்து இருபது சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். மீதி நூற்றெழுபது. அப்படியானால் படம் முந்நூற்று நாற்பது அகலம் இருக்க வேண்டும். காகிதத்தில் குறித்து மேலாளர்முன் வைத்தார்.

மேலாளர் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் எளிதில் நம்பாதவர். படம் என்றால் எங்கிருந்து பார்த்தாலும் படமாக இருக்க வேண்டாமா என்று கேட்டார். ஏற்கெனவே கைக்குட்டை அளவில் இத்தனை கேலி என்றால், சுவர் அளவில் போட்டால் அந்த இருபத்துமூன்று பேர் வேலைநிறுத்தமே செய்வார்கள் என்றார்.

"அப்ப, படம் பார்க்க ஜனங்களைச் சுவத்துல சாத்தி வைக்கணும்ங்கிறீங்க?"

"நான் சாத்த வேண்டாம் சார். உங்க நடைபாதையே சாத்திடும். அதுல தள்ளி நிக்க இடமேது?"

அறையில் விடுப்பு எழுத வந்திருந்த மூத்த டிரைவர் ஒருவர் நடுவில் புகுந்தார். "பக்கக் கண்ணாடியில பின்னால வர்ற வண்டி தள்ளித்தான் தெரியும் சார். பொய் சொல்லுதுன்னு கழட்டியா போட்டோம்? எங்க உட்கார்ந்து எப்படிப் பார்க்கணும்னு பழகிக்கிட்டோம். இந்தம்மா சொல்றதும் அதானே."

மேலாளர் யோசித்து, ஒரு வாய்ப்புத் தருவதாகச் சொன்னார். தீர்ப்புச் சொல்லப்போவது தானில்லை, புகார் எழுதியவர்கள்தான். ஒருவர் தலையாட்டாவிட்டாலும் படம் இறங்கிவிடும்.

படத்தை மூன்று துண்டுகளாக அச்சிட்டார்கள். மேலாளரின் முகத்தில் ஒட்டு விழாமல் பார்த்துக்கொண்டது கணவரின் சாமர்த்தியம். மாட்டும் நாளில்தான் ஒரு சிக்கல் வந்தது. படத்தின் நடு எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? பார்க்கிறவரின் கண்ணுக்கு நேராக. யாருடைய கண்ணுக்கு? கணவர் சராசரியாக நூற்று ஐம்பத்தைந்து என்றார். கயிறக்கா நூற்று நாற்பத்துநான்கில் ஆணி அடிக்கச் சொன்னார். அது எந்தச் சராசரியிலும் வராத எண். கழுவும் அம்மாளின் கண் தரையிலிருந்து இருந்த உயரம்.

ஏப்ரல் 28ஆம் தேதி காலை பத்து மணிக்கு இருபத்துமூன்று பேரில் இருபத்தொரு பேர் வந்தார்கள். மற்ற இருவர் தொலைவில் இருந்தார்கள். அவர்கள் அடுத்த நாள் வந்தார்கள். நடைபாதையின் வாசலிலிருந்து சாய்வாகப் பார்த்தவர்களுக்குப் படம் முன்பைவிடப் பயங்கரமாக இருந்தது. ஓவர்லோடு என்று பெயர் வாங்கியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சுவரில் இப்படி ஒரு யானையாகத் தன்னை மாட்டிவைத்துத்தான் சமாதானம் சொல்கிறார்களா என்று கேட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார். கயிறக்கா அவருடைய கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், நடுவில், எதிர்ச்சுவரில் சாய்த்து நிறுத்தினார். கொஞ்சம் முழங்காலை மடக்கச் சொன்னார். நேராக மேலாளரைப் பார்க்கச் சொன்னார்.

"இப்பத் தலையை மட்டும் திருப்புங்கண்ணே. காலை எடுக்காதீங்க."

அவர் இடப்பக்கம் திரும்பினார்.  

"அது நான்தான்" என்றார் டயர்காரர். பிறகு சந்தேகம் வந்து ஓரடி முன்னால் வந்தார், பக்கத்தில் போனார், பின்னால் வந்தார். வாசலில் இருந்தவர்களைப் பார்த்து, "அட, வந்து நின்னு பாருங்கப்பா. காத்து இறங்கிடுச்சு" என்றார்.

அதன்பிறகு ஒழுங்கு குலைந்தது. ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு அந்த ஓரடி இடத்துக்கு முண்டினார்கள். டிரைவர்களும் எழுத்தர்களும் வேலையை விட்டு வந்துவிட்டார்கள். நெட்டை ஆட்கள் முழங்காலை மடக்கி, பெண்கள் பையைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொருவராகச் சுவரில் சாய்ந்தார்கள். தன்னைக் கண்டுபிடித்ததும் எல்லோரும் செய்தது ஒன்றே. பக்கத்தில் நிற்பவரை இழுத்துக் காட்டியது. கேலி செய்த கண்டக்டரும் வரிசையில் வந்தார். அவருக்கு மட்டும் இடமில்லை என்று ஓவர்லோடுக்காரர் கொஞ்ச நேரம் வழியை மறித்தார்.

மேலாளர் தன் முறைக்குக் காத்திருந்து நின்றார். ஆறடி மனிதர், உட்கார்ந்து எழுவதுபோல் பாதி மடங்க வேண்டியிருந்தது. பார்த்தவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையை முழுக்க நீட்டி, நடுவிலிருந்த தன் முகத்துக்கு நேரே பிடித்தார். பேனாவின் தடிமன் முகத்தைச் சரியாக மறைத்தது. கையை மடக்காமல் வலக்கோடிக்குத் திருப்பினார். அதே பேனா கழுவும் அம்மாளின் முகத்தையும் சரியாக மறைத்தது. இடக்கோடிக்குத் திருப்பினார். அங்கேயும் அப்படியே. அவருடைய வரிசைக்கும் அந்த அம்மாளின் வரிசைக்கும் கயிற்றில் எழுபது சென்டிமீட்டர் வித்தியாசம். பேனாவுக்கு அது தெரியவில்லை.

"எல்லாரும் எப்படி ஒரே அளவா இருக்கோம்?" என்றார். "மத்த படங்கள்ல ஓரத்துல நிக்கிறவங்க சின்னதாத்தானே தெரிவாங்க?"

"மத்தவங்க நேராக் கோடு போடுவாங்க சார். நான் கயிறு போட்டேன். கேமராவுக்கு நீங்களும் சுமாரா பதினொரு மீட்டர், அவங்களும் பதினொரு மீட்டர்."

லென்ஸுக்குக் கயிறு போட்டது தப்பென்றுதான் மூன்று வாரமாகக் கயிறக்காவே நினைத்திருந்தார். கைநீளத்தில் பிடித்துப் பார்த்த படத்தில் ஓரத்தை இரண்டு மடங்கு கெடுத்ததும் அந்த வளைவுதான். இந்த ஓரடி இடத்தில் நின்றால் நூற்று அறுபத்துநான்கு பேரையும் சமமாக நிறுத்தியதும் அதுதான். மேலாளர் சிரித்தார். நடுவில் தான் கொஞ்சம் பெரிதாக வந்திருப்போம் என்று எதிர்பார்த்ததாக ஒப்புக்கொண்டார்.

கழுவும் அம்மாள் கடைசியாகப் போனார். அவர் முழங்காலை மடக்க வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தில் அவர் ஒருவர்தான் அந்தப் படத்தின்முன் நிமிர்ந்து நின்றார். நடுவைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பினார். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு கையால் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்குப் பேத்தியைக் கூட்டிட்டு வரலாமா?" என்று மேலாளரிடம் கேட்டார்.

"எப்ப வேணா வாங்கம்மா. உங்க பணிமனை."

மறுநாள் பேத்தி வந்தாள். அவளுக்கு ஏழு வயது; உயரம் போதவில்லை. டயர்காரர் அவளைத் தூக்கிச் சுவரோடு பிடித்துக்கொண்டார். யார் எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை. அவள் ஒரு தடவை நடுவைப் பார்த்து, வலப்பக்கம் திரும்பி, விரலை நீட்டினாள்.

30ஆம் தேதி மேலாளரின் ஒப்புதல் வந்தது. மே 4ஆம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சுவரில் சாய்ந்து பார்த்துவிட்டுப் போனார். மே 11ஆம் தேதி மற்ற எட்டுப் பணிமனைகளின் நடைபாதை அகலங்களைக் கேட்டுக் குறித்த பட்டியல் ஒன்று ஸ்டூடியோவுக்கு வந்தது. அதைப் பார்த்து நாத்தனார், இனிமேல் தன் மூக்குக்குச் சம்பளம் தரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அந்த ஆண்டு முடிவதற்குள் எட்டும் எடுத்தாயிற்று. பதிவேட்டில் 1,306 தலைகள் சேர்ந்தன. ஒரு பணிமனையிலும் ஓரத்துக்குப் போக யாரும் தயங்கவில்லை. ஒன்றில் ஓரத்துக்குச் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள்.

இருபத்துமூன்று பேரின் கடிதம் மட்டும் தாமதமாயிற்று. அவர்களில் பலர் வெவ்வேறு பணிமனைகளுக்குப் போய்விட்டார்கள். ஒரே தாள் கைமாறிக் கைமாறி, பேருந்துகளில் டிரைவர்களின் சட்டைப்பையில் பயணம் செய்து, ஒவ்வொரு கையெழுத்தாகச் சேர்த்தது. தாளில் கிரீஸ் கறை இரண்டு இடத்தில் இருந்தது. எழுதியிருந்தது மூன்றே வரி. புகாரைத் திரும்பப் பெறுகிறோம். படம் இருக்கும் இடத்திலேயே, இருக்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும். அதில் இருப்பவர்கள் நாங்கள்தான். முதல் கையெழுத்து கழுவும் அம்மாளுடையது. அழுத்தி, எழுத்து எழுத்தாக, முழுப் பெயரோடு. கயிறக்கா கையெழுத்துகளை எண்ணினார். இருபத்துமூன்றும் இருந்தன. கடிதம் வந்து சேர்ந்தது 2018 ஜூன் 19.